ஹெவி லைசென்ஸ் எடுக்கப்போகும் தம்பிகளுக்கு

மாதவரம், மணலி பக்கம் லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணே, டெஸ்டுல என்ன கேப்பாங்க?" என்பதைத்தான். சொல்கிறேன். ஆனால் டெஸ்டில் பாஸ் ஆவது பெரிய காரியமில்லை. லைசென்ஸ் வந்த முதல் வருஷம் யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள் என்பதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது.

என் காலத்து டிரைவர்கள் பெரும்பாலும் கிளீனராக வண்டி ஏறியவர்கள். நானும் அப்படித்தான். டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வா வா, ஒடிச்சு வா" என்று குரல் கொடுப்பது எல்லாம் எங்கள் வேலை. கூடவே, டிரைவர் எந்த இடத்தில் கியரைக் குறைக்கிறார், எங்கே ஹாரன் அடிக்காமல் காத்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருப்போம். திட்டும் வாங்குவோம். ஆனால் ஸ்டீயரிங் கைக்கு வருவதற்குள் சாலை கண்ணுக்குப் பழகிவிடும். இப்போது செலவைக் குறைக்க நிறைய லாரிகளில் கிளீனரே கிடையாது. அந்த இடத்தில் கற்றதை வேறு எங்கே கற்பது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு இதில் ரொம்ப வருத்தம்.

சரி, விதிமுறைக்கு வருவோம். வயது 20 ஆகியிருக்க வேண்டும். கார் ஓட்டும் எல்.எம்.வி. லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருந்தால்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், கிடைக்கும். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். டாக்டர் சான்றிதழ் வேண்டும். பயிற்சி முடித்ததற்கு டிரைவிங் ஸ்கூல் கொடுக்கும் 5ஆம் எண் படிவமும் வேண்டும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட குட்டி யானை மாதிரி சரக்கு வண்டிகளை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. எனவே ஹெவிக்குக் காத்திருக்கும் அந்த ஒரு வருஷத்தைக் குட்டி யானையில் லோடு ஏற்றி ஓட்டிப் பழகுங்கள். நல்ல அஸ்திவாரம்.

அந்த 5ஆம் எண் படிவம் விஷயத்தில் கறாராக இருங்கள். டிரான்ஸ்போர்ட் வண்டிக்குக் குறைந்தது 15 மணி நேரம் நீங்களே ஸ்டீயரிங் பிடித்திருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது. நான் சேர்ந்த பள்ளியில் ஒரே லாரியில் ஐந்தாறு பேரை ஏற்றி, ஆளுக்குக் கொஞ்ச தூரம் கொடுத்து, எல்லோருடைய நேரத்தையும் எல்லோர் கணக்கிலும் எழுதினார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் நேரத்தைக் கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கு 2021இல் வந்த விதிப்படி ஹெவிக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பயிற்சி. சென்னையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின், அதாவது ஐ.ஆர்.டி.யின், கனரக வாகனப் பயிற்சி மையம் இருக்கிறது. தூரம் என்று பார்க்காமல் அங்கே விசாரியுங்கள்.

டெஸ்டில் நம்ம ஆட்கள் கோட்டை விடுவது ஓட்டுவதில் இல்லை, ஏறி உட்காருவதில். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். சீட், கண்ணாடிகள், பெல்ட், பிறகு ஏர் பிரேக்குக்கான காற்றழுத்த மீட்டர். எச்சரிக்கை விளக்கு அணையும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கச் சொல்வார்கள். ரிவர்ஸ் கட்டாயம் உண்டு. நிதானமாகச் செய்தால் போதும், வேகத்துக்கு மார்க் கிடையாது.

இனி லைசென்ஸுக்கு அப்புறம். புதுப் பையன் யார் வந்தாலும் நான் முதல் நாள் வண்டியை ஸ்டார்ட் செய்யவே விடுவதில்லை. அவனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, நான் கீழே இறங்கி வண்டியைச் சுற்றி நடப்பேன். "நான் எங்கே மறையுறேன், சொல்லு" என்பேன். இடப்பக்கக் கதவை ஒட்டி நிற்கும்போது முழு ஆளும் காணாமல் போய்விடுவேன். பம்பருக்கு நேர் முன்னால் குனிந்தாலும் அப்படித்தான். பிறகு அவனைக் கீழே இறக்கி, நான் மேலே உட்காருவேன். திருவொற்றியூரிலும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் இடப்பக்கம் பைக்கை நுழைத்துக்கொண்டு வருபவர்கள் இருப்பது அந்த மறைவில்தான். டிரைலர் இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் கண்ணாடியைப் பார்க்காமல் திரும்ப மாட்டான்.

ரிவர்ஸுக்குத் தனியாக நாள் ஒதுக்க வேண்டும். டிரைலரின் பின்பக்கம் இடது போக, ஸ்டீயரிங்கை வலது ஒடிக்க வேண்டும். மூளைக்குப் புரிந்தாலும் கைக்குப் புரிய நாளாகும். யார்டில் காலி இடத்தில் பழகட்டும். தெரியாவிட்டால் நிறுத்தி, இறங்கி, பார்த்துவிட்டு ஏறலாம். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

டிரைவிங் ஸ்கூல் லாரி எப்போதும் காலி. நிஜ வேலையில் லோடோடுதான் ஓட்ட வேண்டும், பிரேக் போட்ட பிறகு வண்டி எங்கே நிற்கும் என்ற கணக்கே மாறிவிடும். அதனால் முதலில் காலி, அப்புறம் அரை லோடு, அப்புறம்தான் முழு லோடு. கன்டெய்னர் என்றால் அதை வண்டியோடு பிடித்துவைக்கும் நான்கு மூலை லாக்கும் விழுந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்காமல் கேட்டைத் தாண்டக் கூடாது.

இன்னொன்று, சென்னை சமதரை. நமக்கு மேம்பாலம்தான் மலை. இங்கே பழகியவனை நேராக கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக சேலம் லோடில் அனுப்பினால் தொப்பூர் கணவாயில்தான் முதல் இறக்கத்தைப் பார்ப்பான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிற கெட்ட பழக்கம் அங்கே எத்தனையோ உயிரை வாங்கியிருக்கிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு வந்துவிட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கை, அதாவது இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் பிரேக்கை, போட்டு இறங்க வேண்டும். இதை முதல் தடவை அனுபவமுள்ள டிரைவர் பக்கத்தில் இல்லாமல் செய்யவே கூடாது.

தூக்கம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வரும்வரை இருந்த 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று இருந்தது. துறைமுக கேட் வரிசையில் வண்டியை நகர்த்தி நகர்த்தி விடியவிட்டால் அது ஓய்வில் சேராது. அதற்குப் பிறகு நெல்லூருக்குக் கிளம்பு என்று சொன்னால், "தூங்கிட்டுப் போறேண்ணே" என்று ஓனரிடம் சொல்லுங்கள்.

ஓனர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புது டிரைவரோடு முதல் சில மாதம் ஒரு சீனியரை அனுப்புங்கள். சொல்லிக்கொடுப்பதற்கு அவருக்குத் தனி பேட்டா கொடுங்கள். பையனுக்கும் அந்த நாட்களில் முழுச் சம்பளம் போட வேண்டும். வேலைக்குச் சேரும் தம்பிகள் இந்த மூன்றையும் முன்கூட்டியே கேட்டு, பேசி முடித்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.