மீன் தராசில் புரிந்த நிறையும் எடையும்

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில், 50 கி.கி. நிறையுள்ள சிறுவனின் எடை என்ன என்று கேட்டிருந்தார்கள். 50 கி.கி. என்றே தவறாக எழுதினேன். வரையறை மனப்பாடமாகத்தான் இருந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து எடை என்றால் கிலோ என்றே கேட்டு வளர்ந்த காது அது. தமிழ்வழியில் படிப்பவர்கள் பலரும் இங்கேதான் இடறுகிறார்கள்.

எனக்கு இது தெளிந்தது கடலூர் முதுநகரில், அத்தையின் மீன் கூடைக்குப் பக்கத்தில். அத்தையிடம் இருந்தது தட்டுத் தராசு. அடுத்த கடையில் கொக்கியில் மாட்டும் ஸ்பிரிங் தராசு. சங்கரா மீன் இரண்டிலும் 2 கிலோ காட்டியது.

"இதை நிலாவுக்குக் கொண்டுபோய் நிறுத்தா என்ன காட்டும் அத்தை? அங்க எல்லாமே லேசாயிடுமாம்."

"மீன் லேசானா கல்லும்தானடா லேசாவும்? என் தராசுல அதே ரெண்டு கிலோதான் நிக்கும்."

பாடத்தின் பாதி அந்தப் பதிலிலேயே இருக்கிறது. தட்டுத் தராசு மீனையும் எடைக்கல்லையும் ஒப்பிடுகிறது; அது காட்டுவது நிறை, அதாவது மீனில் உள்ள பருப்பொருளின் அளவு. ஸ்பிரிங்கை இழுப்பதோ புவி மீனை இழுக்கும் விசை, அதுதான் எடை. நிறையை ஈர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் எடை; இங்கே அந்த முடுக்கம் 9.8 மீ/வி², ஆகவே 2 × 9.8 = 19.6 நியூட்டன். நிலவில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 1.62 மீ/வி² என்பதால் 3.24 நியூட்டன். அடுத்த கடைத் தராசு அங்கே ஏறக்குறைய 330 கிராம்தான் காட்டும்.

நினைவில் நிற்க நான் பிடித்துக்கொண்டது சொற்களையே. நிறுப்பதால் நிறை, எடுப்பதால் எடை. கூடையை எடுக்கும்போது கையைக் கீழே இழுக்கிறதே, அந்த இழுப்பு எடை. விசை என்பதால் அதற்குத் திசை உண்டு, அலகு நியூட்டன். அந்தச் சிறுவனுக்கு 490 நியூட்டன், புவியின் மையத்தை நோக்கி.

பெரிய ஜி, சின்ன ஜி குழப்பத்துக்கு அதிக நேரம் வேண்டாம். பெரியது (G) எங்கும் மாறாத ஈர்ப்பு மாறிலி, 6.674 × 10⁻¹¹ நி.மீ²/கி.கி². சின்னது (g) மேலே சொன்ன ஈர்ப்பு முடுக்கம், இடத்துக்கு இடம் மாறும். நிலநடுக்கோட்டில் சுமார் 9.78, துருவத்தில் சுமார் 9.83 மீ/வி².

லிஃப்டில் நிற்பவரின் தோற்ற எடையை, அதாவது தளம் அவரைத் தாங்கும் விசையை, கேட்கும் கணக்கில் மட்டும் நிதானம் தேவை. மேல்நோக்கி முடுக்கப்பட்டால் அந்த முடுக்கத்தைச் சின்ன ஜியோடு கூட்டுங்கள், கீழ்நோக்கி என்றால் கழியுங்கள், பிறகு நிறையால் பெருக்குங்கள். சீரான வேகத்தில் போனால் தோற்ற எடை மாறாது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கயிறு அறுந்து தடையின்றி விழுந்தால் தோற்ற எடை சுழி, ஆனால் புவி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. விண்வெளி வீரர்கள் மிதப்பதும் இதனால்தான். சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்திலும் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 8.7 மீ/வி² இருக்கிறது. நிலையமும் வீரர்களும் சேர்ந்தே விழுந்தபடி புவியைச் சுற்றுகிறார்கள். "அங்கே ஈர்ப்பு விசை இல்லை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.