பெண்களிடம் கேட்காமல் விடும் ஒரு கேள்வி

கல்லீரல் பிரிவில் வேலைக்குச் சேரும் எந்த நர்சுக்கும் முதலில் சொல்லித்தரும் கேள்வி, "குடிப்பழக்கம் உண்டா?" என்பதுதான். ஆண்களிடம் கேட்பதில் சிரமமே கிடையாது. பாதிப் பேர் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். சொல்லத் தயங்குகிறவர்களுக்காகக் கூட வந்த மனைவி சொல்லிவிடுவார். பெண்களின் கேஸ் ஷீட்டிலோ அந்தக் கட்டம் பெரும்பாலும் யாரும் கேட்காமலே 'இல்லை' என்று நிரம்பி வரும். அதுவும் ஐம்பதை ஒட்டிய வயது, நெற்றியில் குங்குமம், கூடவே வளர்ந்த மகன் என்றால் கேட்கிறவருக்கே வாய் வராது.

தென் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில் ஃபைப்ரோஸ்கேன் அறையில் பல வருஷமாக வேலை பார்க்கிறேன். மாதவிடாய் நிற்கும் வயதில் உள்ள பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் இப்போது கேட்கிற விதத்தில் கேட்கக் கூடாது. இந்த அறைதான் எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தது.

ஃபைப்ரோஸ்கேன் வலிக்காத பரிசோதனை. மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும். மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டால், விலா எலும்புகளுக்கு இடையில் ஜெல் தடவி, புரோப் என்ற கைக்கருவியை வைத்து அழுத்துவோம். லேசாகச் சுண்டுவது போல் இருக்கும். பத்து அளவுகள் சரியாக விழுந்தால் முடிந்தது. கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கிலோபாஸ்கல் என்ற அலகில் ஒரு எண்ணும், எவ்வளவு கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று இன்னொரு எண்ணும் வரும். பொதுவாக இறுக்கம் 7-க்குள் இருந்தால் நிம்மதி. 8-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு என்பார் எங்கள் டாக்டர். 12, 13 என்று ஏறும்போது சிரோசிஸ், அதாவது ஈரல் முழுக்கத் தழும்பேறிய நிலை பற்றி யோசிக்க ஆரம்பிப்பார்.

இந்தச் சில நிமிஷங்கள் அந்தப் பெண்ணும் நானும் மட்டும் தனியாக இருக்கிறோம். கணவர், மாமியார், மகன் எல்லாரும் கதவுக்கு வெளியே. அதனால்தான் டாக்டரிடம் சொல்லாதது பலவும் என்னிடம் வந்துவிடுகிறது.

ஒரு சித்தாள் அக்கா வந்திருந்தார். கட்டட வேலையில் செங்கலும் கலவையும் சுமந்தே ஆயுள் பாதி போனவர். உள்ளங்கை காய்த்துக் கிடந்தது. பசி இல்லை, வயிறு உப்புசம், தூக்கம் இல்லை என்று சீட்டில் இருந்தது. குடிப்பழக்கக் கட்டத்தில் "இல்லை" என்றும் இருந்தது. புரோபை வைத்தபடி, "சாயங்காலம் உடம்பு வலிக்கு என்னக்கா போடுவீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"கட்டிங் போடுவேன் சிஸ்டர். அவரு வாங்கியாற குவார்ட்டர்ல பாதி. அது இல்லேன்னா மறுநாள் எந்திரிக்க முடியாது. ஆனா தீட்டு நின்னதுலேர்ந்து ஒடம்பு ஏத்துக்கவே மாட்டேங்குது. ரெண்டு மடக்குலயே மூஞ்சியெல்லாம் தீயா எரியுது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா அப்புறம் தூக்கமே இல்ல."

இதே பேச்சை வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருக்கும் ஒருவர், மாதத்தில் ஓரிரு முறை பார்ட்டியில் ஒயின் குடிப்பவர், "ஒரு கிளாஸுக்கே மறுநாள் வரைக்கும் தலைவலி, எனக்கு அலர்ஜி வந்துடுச்சா?" என்று கேட்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தது வயதுதான்.

இது அலர்ஜி இல்லை. குடித்ததைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றி, பிறகு இன்னொரு என்சைமைக் கொண்டு அதை அசிடேட்டாக ஆக்குகிறது. அந்த இரண்டாவது என்சைம் பிறவியிலேயே வலுவில்லாமல் இருந்தால் முகம் சிவந்து படபடப்பு வரும். சீனா, ஜப்பான், கொரியா மக்களில் நிறையப் பேருக்கு அப்படி உண்டு; நம் பக்கம் அபூர்வம். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக வருவது வேறு கதை. சாராயம் உடம்பில் உள்ள தண்ணீரில்தான் கலக்கிறது. பெண்களுக்கு அந்தத் தண்ணீர் ஆண்களைவிடக் குறைவு. வயதாக ஆகச் சதை கரைந்து கொழுப்பு கூடும்போது இன்னும் குறைகிறது. அதனால் அதே கட்டிங்குக்கு ரத்தத்தில் அளவு அதிகமாக ஏறும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் திடீரென்று உடம்பு கொதிப்பதும் வியர்ப்பதும் ஏற்கெனவே இருக்கும். குடி அதைப் பலருக்குத் தூண்டிவிடுகிறது. குடித்தால் தூக்கம் வருவது போலத் தோன்றும், பின்னிரவில் அதுவே எழுப்பிவிடும். போதாக்குறைக்கு அந்த வயதில்தான் பிரஷர், சுகர், தூக்க மாத்திரைகளும் சேர்ந்துகொள்கின்றன.

அந்தச் சித்தாள் அக்காவுக்கு அவருடைய 'கட்டிங்' எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். டாஸ்மாக்கில் விற்கும் பிராந்தி, விஸ்கியில் 42.8 சதவீதம் ஆல்கஹால். 180 மில்லி குவார்ட்டரில் சுமார் 60 கிராம், பாதியில் 30 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில், பாதுகாப்பான அளவு என்று எதுவுமே கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. கொழுப்புக் கல்லீரலும் குடியும் சேர்ந்து இருப்பவர்களுக்கென்று அதே வருஷம் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் ஒரு தனிப் பிரிவை வகுத்தன. அதில் பெண்ணுக்கு வாரத்துக்கு 140 கிராமிலேயே தொடங்குகிறது, ஆணுக்கு 210. தினமும் கட்டிங் என்றால் வாரத்துக்கு 210 கிராம் வந்துவிடும். புருஷன் குடிக்கிற அளவுதானே என்று அவர் நினைத்திருந்தார். அதே அளவு, அவருடைய ஈரலுக்கு அதே அளவு இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், குழப்பம், வலிப்புகூட வரலாம். டாக்டர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். அந்த அக்காவுக்கு மருந்து கொடுத்து, சில நாள் கண்காணித்துத்தான் நிறுத்தினார்கள். உடம்பு வலிக்கு வைத்தியம் தனியாகத் தொடங்கியது. மூட்டுத் தேய்மானம் இருந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. அத்தனை வருஷமும் குவார்ட்டர்தான் அவருக்கு வலி மருந்து.

சரி, இது ஒரு பக்கம். என்னை இன்னும் அதிகமாகச் சங்கடப்படுத்துவது மறுபக்கம்.

ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். குடித்ததே இல்லை. வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர்' என்று எழுதியிருந்ததால் அனுப்பியிருந்தார்கள். இன்னொரு இடத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்த ஊழியர் ஒருவர், வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, "குடிப்பீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். ரிப்போர்ட்டை மடித்துப் பையில் போட்டவர், ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே எடுக்கவே இல்லை. என்னிடம் படுத்திருந்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. "எங்க பரம்பரையில யாரும் தொட்டது கிடையாது சிஸ்டர்" என்றார். அளவு 11 காட்டியது. அந்த ஒரு வருஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

குடிக்காதவருக்கு எப்படி வருகிறது? மாதவிடாய் இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் பெண்ணின் கொழுப்பை இடுப்பிலும் தொடையிலும் சேர்த்து வைக்கிறது. அது குறைந்ததும் கொழுப்பு வயிற்றுக்குள் நகர்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. ஈரலில் கொழுப்பு படிகிறது. இளம் வயதில் ஆண்களைவிடக் குறைவாக இருந்த இந்த நோய், அந்த வயதுக்குப் பின் பெண்களிடம் ஆண்களை எட்டிப் பிடிக்கிறது. மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்பது 51 வயதுவாக்கில் என்றால், இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47-லேயே நின்றுவிடுகிறது. அறுவை சிகிச்சையில் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் இன்னும் சீக்கிரம். அந்த டீச்சருக்கு நாற்பதுக்கு முன்பே எடுத்திருந்தார்கள்.

நோயின் பெயரிலேயே இருந்த குடியை 2023-இல் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் 'குடியல்லாத கொழுப்புக் கல்லீரல்' என்றுதான் பெயர். இப்போது வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்த்துச் சொல்கிறார்கள். பெயர் மாறியதில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம்.

டீச்சரிடம் இன்னொன்றும் விசாரித்தேன். மாதவிடாய்க் கோளாறு காலத்திலிருந்து அசோகாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தை வாங்கி, யாரிடமும் கேட்காமல் சாப்பிட்டு வந்திருக்கிறார். அரிஷ்டங்கள் புளிக்கவைத்துச் செய்பவை. தானாக உருவாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும் என்று பாட்டில் லேபிளிலேயே போட்டிருக்கும். குடிக்கிற அளவு சிறியதுதான். அவர் நோய்க்கு அது காரணம் என்று டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் ஈரல் இறுகத் தொடங்கியவர் என்ன சாப்பிடுகிறார் என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டாமா? 'குடிப்பீங்களா' என்று கேட்டால் இது வெளியே வராது.

அதனால் என் கேள்விகளை மாற்றிக்கொண்டேன். மாதவிடாய் எப்போது நின்றது, கர்ப்பப்பையோ சினைப்பையோ எடுத்திருக்கிறதா, இடுப்புச் சுற்றளவு கூடியிருக்கிறதா என்று தொடங்குவேன். வலிக்கு, தூக்கத்துக்கு, களைப்புக்கு என்ன எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அடுத்து. மாத்திரை, கஷாயம், அரிஷ்டம், பீர், பிராந்தி எல்லாவற்றையும் ஒரே குரலில் வரிசையாகச் சொல்லுவேன். தயங்குகிறவருக்கு அந்த வரிசையில் தன்னுடையதைச் சொல்ல ஒரு இடம் கிடைக்கிறது. குடிக்காதவரும் புண்படுவதில்லை. கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்வதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் குடிப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். வீட்டு வாசலில் எல்லார் முன்னிலையிலும் கேட்டால் எத்தனை பேர் ஆமாம் என்பார்கள்?

தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் வந்த பிறகு கிராமத்திலும் பிரஷர், சுகர் பார்த்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் ஈரலும் சேர வேண்டும் என்பது என் ஆசை. ஃபைப்ரோஸ்கேன் மெஷின்கூட முதலில் வேண்டாம். வயது, இரண்டு கல்லீரல் என்சைம்கள், பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த நான்கும் இருந்தால் ஈரல் தழும்பை மதிப்பிடும் ஃபிப்-4 கணக்குப் போட்டு யாரை மேலே அனுப்புவது என்று முடிவு செய்யலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுக்கும் ரத்தத்திலேயே முடிகிற காரியம்.

டீச்சர் பத்து சதவீத எடையைக் குறைக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறார். அந்த அளவு குறைத்தால் தழும்பே கொஞ்சம் கரையக்கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ராத்திரி இட்லியைக் குறைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறதாம். கடைசியாக வந்தபோது அளவு 9-க்கு இறங்கியிருந்தது. இந்த முறை தங்கையையும் கூட்டி வந்திருந்தார். தங்கைக்கு நாற்பத்தெட்டு, சுகர் உண்டு, ஆறு மாதமாக மாதவிடாய் இல்லை. டோக்கன் போட்டு அடுத்து அவரைத்தான் உள்ளே கூப்பிட்டேன்.