எந்தத் தண்ணீருக்கு எந்தக் கயாக்

ஜனவரி 18

கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான சின்னப் படகு, வாங்குவது முடிவாகிவிட்டது. எது என்பதுதான் பாக்கி. கடையில் நீளம், நிறம், விலை எல்லாம் சொன்னார்கள். எந்தத் தண்ணீரில் ஓட்டப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. சென்னைப் பக்கத்து முட்டுக்காடு உப்பங்கழி, பழவேற்காடு ஏரி, கோவளம் கடல் மூன்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பேன்.

ஜனவரி 19

காலை ஆறரைக்கு முட்டுக்காடு. தண்ணீர் அசையவேயில்லை. வாடகைக்கு எடுத்தது பத்தடி நீளம், 31 அங்குல அகலம், மேலே உட்கார்ந்து ஓட்டும் சிட்-ஆன்-டாப். இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன், கவிழவில்லை. நினைத்த இடத்தில் திரும்புகிறது. ஆனால் துடுப்பை நிறுத்தினால் மூக்கு ஒரு பக்கம் போய்விடும். தூரம் போனால் கை வலிக்கும்.

காற்றடைக்கும் ரகம் பட்டியலிலிருந்து போய்விட்டது. பாலத்தூண்களில் அப்பியிருக்கும் சிப்பிகள் கத்தி மாதிரி இருக்கின்றன.

பிப்ரவரி 1

பழவேற்காடு. சிலிகாவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. ஆனால் பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லை. நண்பருடைய 14 அடி டூரிங் கயாக், தூரம் போவதற்கென்று உள்ளே உட்கார்ந்து ஓட்டும் ரகம், அகலம் 24 அங்குலம். ஏறி உட்கார்ந்ததும் ஆட்டம் கண்டது. கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது.

பத்தரைக்கு மேல் கடற்காற்று பிடித்தது. ஆழமில்லாத தண்ணீரில் அலை நெருக்கமாக, குட்டையாக எழும்பும். அப்போதுதான் இந்தப் படகின் அருமை தெரிந்தது. தட்டையான அடிப்பகுதி அலை சாயும் பக்கமெல்லாம் கூடவே சாயும். இதன் உருண்டை அடியோ, ஓரளவு சாய்ந்ததும் அங்கேயே பிடித்து நிற்கிறது. பக்கக் காற்றில் மூக்கு காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருந்தது; பின்னால் இருக்கும் ஸ்கெக் என்ற சின்னத் தகட்டைக் கீழே இறக்கியதும் நேரானது. சேறு தட்டும் இடத்தில் அதை மேலே இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பிப்ரவரி 8

கோவளம். அலை உடையும் இடத்தில் நீளப் படகு ஆகாது. அலை அதைக் குறுக்கே திருப்பிப் புரட்டிவிடும். இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்த குட்டைப் படகுதான் அங்கே பிழைக்கும்.

உள்ளே உட்காரும் படகு இந்த அலைக்குச் சரிவருமா என்று கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டேன்.

"உள்ள உக்கார்ற படகு கவுந்துச்சுன்னா, தண்ணிய இறைக்கறதுக்குள்ள அடுத்த அலை வந்துரும் தம்பி. எங்க கட்டுமரத்துல தண்ணியே நிக்காது, கட்டை இடுக்குல போயிரும்."

சிட்-ஆன்-டாப்பின் அடியில் இருக்கும் ஓட்டைகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. கடலைத் தினமும் பார்க்கிறவர் வாயால் அதைக் கேட்டதில் மனசு தெளிந்தது.

பிப்ரவரி 15

முடிவு: பன்னிரண்டரை அடி, 28 அங்குலம், ஸ்கெக் வைத்த சிட்-ஆன்-டாப். நான் அதிகம் போவது முட்டுக்காடு, அப்புறம் பழவேற்காடு. அலைச் சவாரி ஆசை வரும் நாளில் குட்டைப் படகை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். எப்போதோ போகும் கடலுக்காக, வாராவாரம் போகும் கழியில் சிரமப்படுவானேன்?

டூரிங் கயாக்கின் வேகம் இதில் வராது. ஆனால் கழியின் நடுவில் விழுந்தால் தனியாகவே ஏறிக்கொள்ளலாம், எனக்கு அது முக்கியம். எடை 27 கிலோ, அதனால் தள்ளுவண்டியும் சேர்த்து வாங்கினேன். லைஃப் ஜாக்கெட் போன வாரமே வாங்கியாகிவிட்டது. நாளை காலை இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, திரும்ப ஏறிப் பழக வேண்டும்.