மூன்று இடம், ஒரு கடன் வரம்பு

பிப்ரவரி 27, 2026

இங்கே அமெரிக்காவில் எம்எஸ்டபிள்யூ-வுக்கு, அதாவது சமூகப்பணி முதுகலைக்கு, விண்ணப்பித்த மூன்று இடத்திலும் கிடைத்துவிட்டது. சந்தோஷம் ஒரு ராத்திரி தாங்கியது, காலையில் கட்டண விவரத்தைத் திறந்ததும் போய்விட்டது. பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகம்: வருஷத்துக்கு 52,000 டாலர், அதில் 18,000 ஸ்காலர்ஷிப். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம்: வருஷத்துக்கு 16,000, ஸ்காலர்ஷிப் பூஜ்யம். முழுக்க ஆன்லைனில் நடக்கும் ஒன்று: மொத்தம் 42,000.

மூன்றுக்கும் சமூகப்பணிப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பான சிஎஸ்டபிள்யூஈ-யின் அங்கீகாரம் இருக்கிறது. முதலில் பார்த்தது அதைத்தான். அது இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் தேர்வுக்கு உட்காரவே முடியாது. அந்த முத்திரை இருந்துவிட்டால் எந்தக் கல்லூரி, தரவரிசையில் எத்தனையாவது என்று லைசென்ஸ் போர்டில் யாரும் கேட்பதில்லை. வேலைக்கு எடுப்பவர்களும் அவ்வளவாகக் கேட்பதில்லை என்பது, ஒரு முதியோர் நல அமைப்பில் கேஸ் மேனேஜராக உட்கார்ந்து நான் பார்த்தது.

மார்ச் 3

கடன் கணக்கு. போன வருஷம் ஜூலையில் வந்த சட்டத்தால் இந்த ஜூலை 1 முதல் புதிதாகச் சேருபவர்களுக்கு கிராட் பிளஸ் கடன் கிடையாது. இதுவரை ஃபெடரல் கடனில், அதாவது மத்திய அரசு தரும் வழக்கமான கல்விக் கடனில், குறைவதை அதை வைத்து முழுச் செலவுக்கும் நிரப்பிக்கொள்ளலாம். இனிமேல் மேற்படிப்புக்கு வருஷம் 20,500, மொத்தம் 1,00,000 டாலர், அவ்வளவுதான். மருத்துவம், சட்டம் மாதிரி 'தொழில்முறைப் படிப்பு' என்று கருதப்படுபவற்றுக்கு வருஷம் 50,000 வரை உண்டு. கல்வித்துறை முன்வைத்த பட்டியலில் சமூகப்பணி இல்லை, நர்சிங்கும் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் கவுன்சலிங் கொடுத்தால் மட்டும் குற்றமாம், தொழில் என்று சொல்ல மனசு வரவில்லை!

சரி, கோபத்தை ஒதுக்கிவிட்டுக் கூட்டினேன். தனியாரில் ஸ்காலர்ஷிப் போக வருஷத்துக்கு 34,000. ஃபெடரல் கடன் 20,500 போனால் 13,500 துண்டு விழுகிறது, அதுவும் கட்டணத்துக்கு மட்டும்தான், வாடகையெல்லாம் தனி. அந்தத் துண்டுக்குத் தனியார் வங்கிக்குப் போனால் வருமானத்துக்கு ஏற்ற தவணையும் கிடையாது, பொதுச் சேவையில் இருப்பவர்களுக்கான கடன் தள்ளுபடியும் கிடையாது. ஃபெடரல் கடனும் ஒன்றும் தர்மம் இல்லை. மேற்படிப்புக் கடனுக்குப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஓடும். 2025-26 கல்வியாண்டின் விகிதம் 7.94%, அப்படியென்றால் 20,500-க்கு வருஷ வட்டி மட்டும் 1,600 டாலருக்கு மேல். "வட்டி கட்டவே இன்னொரு வேலை தேடணும் போல" என்றார் வீட்டுக்காரர்.

மார்ச் 8

பிஎஸ்டபிள்யூ, அதாவது சமூகப்பணி இளங்கலை, முடித்தவர்களுக்கு அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் என்ற சலுகை உண்டு, படிப்பில் ஏறக்குறைய பாதி குறையும், கட்டணமும் அதே அளவு குறையும். நான் படித்தது உளவியல். எனவே முழு 60 கிரெடிட்.

மார்ச் 14

கட்டண விவரத்தில் வராத ஒரு பெரிய செலவு களப்பணி, அதாவது ஒரு அமைப்பில் பயிற்சியாகச் செய்யும் வேலை. முதுகலைக்குக் குறைந்தது 900 மணி நேரம் என்பது சிஎஸ்டபிள்யூஈ விதி. இரண்டு வருஷப் படிப்பில் அது கல்லூரி நடக்கும் வாரங்களில் வாரம் 16 மணி நேரம் போல வரும், அதாவது இரண்டு முழு நாள், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், அதுவும் மற்றவர்கள் வேலைக்குப் போகும் அதே பகல் நேரத்தில். என் சம்பளம் மணிக்கு 22 டாலர். 900-ஆல் பெருக்கினால் 19,800. மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஒரு வருஷக் கட்டணத்தைவிட அதிகம்! இதை எந்தக் கல்லூரியும் 'படிப்புச் செலவு' என்று எழுதிக் காட்டுவதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் களப்பணிக்குக் கூலி கேட்டு ஆரம்பித்த இயக்கம் மற்ற கல்லூரிகளுக்கும் பரவியது. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூலையிலிருந்து, தகுதியுள்ள சமூகப்பணி மாணவர்களுக்குக் களப்பணி நடக்கும் காலத்தில் அரசே வாரத்துக்கு 300 டாலருக்கு மேல் (அவர்கள் டாலர்) தருகிறது. இங்கே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதனால் மூன்று இடத்துக்கும் ஒரே கேள்வியை அனுப்பினேன்: களப்பணி இடத்தைத் தேடித் தருவது யார், நான் வேலை பார்க்கும் இடத்திலேயே செய்யலாமா? ஆன்லைன் கல்லூரி, இடத்தை நானே தேடிக்கொள்ள வேண்டும், அவர்கள் 'உதவுவார்கள்' என்றது. எம்எஸ்டபிள்யூ முடித்து இரண்டு வருஷமாவது அனுபவம் உள்ள ஒருவர் வழிகாட்டச் சம்மதிக்க வேண்டும், அப்படிப்பட்டவர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. ஊர் பேர் தெரியாத கல்லூரிக்காக யார் சரி என்பார்கள்? அதை அன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து ஃபோனே வந்தது. வேலையிடத்திலேயே செய்யலாம், ஆனால் அது கற்றலுக்கான புது வேலையாக இருக்க வேண்டும், திட்டத்தை அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள். தனியாரிலிருந்து பளபளப்பான பிடிஎஃப் வந்தது, பதில் வரவில்லை.

மார்ச் 22

டைட்டில் ஃபோர்-ஈ என்ற அரசு உதவித்தொகை பற்றி, அதை வாங்கிப் படித்த சீனியர் அக்கா ஒருவரிடம் பேசினேன். குழந்தைகள் நலத்துறையில் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் படிப்புக்குப் பணம், எத்தனை காலம் பணம் வாங்கினோமோ குறைந்தது அத்தனை காலம் அந்த வேலையில் இருக்க வேண்டும். நடுவில் விட்டால் வாங்கியதைத் திருப்பித் தரணும்.

"பணத்துக்காக வராதேம்மா" என்றார் அக்கா. "ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு குழந்தையை வீட்டிலிருந்து பிரிச்சுக் கூட்டிட்டு வரணும். அந்த வேலை உனக்கு வேணும்னா இதைவிட நல்ல உதவி கிடையாது."

எனக்கு வேண்டாம். வயதானவர்களோடு வேலை பார்க்கத்தான் படிக்கவே போகிறேன்.

மார்ச் 30

தனியாரிடம் ஸ்காலர்ஷிப்பைக் கூட்டித் தர முடியுமா என்று கேட்டிருந்தேன். கேட்பதில் வெட்கமே வேண்டாம், நிறையப் பேர் கேட்கிறார்கள், சிலருக்குக் கிடைக்கவும் செய்கிறது. எனக்கு 3,000 கூட்டினார்கள். துண்டு 10,500 ஆனது, கடன் கடன்தான்.

அமெரிக்காவில் சமூகப்பணியாளர்களின் இடைநிலைச் சம்பளம் 2024 கணக்கில் வருஷம் 61,000 டாலருக்குச் சற்று மேல். மனநலச் சிகிச்சை தரும் அளவுக்கான கிளினிக்கல் லைசென்ஸுக்குப் பட்டத்துக்கு அப்புறம் பல மாநிலங்களில் 3,000 மணி நேரம் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். பொதுச் சேவைத் தள்ளுபடிக்கு 120 தவணை, அதாவது பத்து வருஷம் அரசு வேலையிலோ தகுதியுள்ள லாப நோக்கமற்ற அமைப்பிலோ இருக்க வேண்டும். நான் எப்படியும் இருப்பேன். ஆனால் பத்து வருஷத்தில் விதி எத்தனை முறை மாறுமோ, அதை நம்பி அவ்வளவு பெரிய கடன் வாங்குகிற தைரியம் எனக்கு இல்லை.

ஏப்ரல் 11

மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. பகுதி நேரம், மூன்று வருஷம், வேலையை விடப் போவதில்லை. புதுச் சட்டத்தில் குறைவாகப் படித்தால் கடன் வரம்பும் அதே விகிதத்தில் குறையும் என்பதைக் கவனிக்க வேண்டும். வருஷம் 20 கிரெடிட் எடுக்கும் எனக்கு 13,600 டாலர் போலத்தான் கிடைக்கும். கட்டணம் வருஷத்துக்கு 10,600 சொச்சம், அதற்குள் அடங்கிவிடுகிறது. சம்பளம் வருவதால் அதிலும் பாதிக்குத்தான் கடன் வாங்க உத்தேசம்.

எங்கள் அமைப்பில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவர்களைக் கவனிக்கும் பிரிவு தனியாக இருக்கிறது, அங்கே வேறொரு மேற்பார்வையாளரிடம் முதல் களப்பணியைச் செய்ய மேலாளர் சம்மதித்திருக்கிறார். வாய் வார்த்தையாகத்தான். எழுத்தில் வாங்கணும். ஃபாஃப்சா, அதாவது ஃபெடரல் கல்வி உதவிக்கான விண்ணப்பம், போன வாரமே போட்டாகிவிட்டது. மேற்படிப்பு மாணவர்களிடம் அதில் பெற்றோர் வருமானத்தைக் கேட்பதில்லை, அதனால் சீக்கிரம் முடிந்தது. தனியாருக்கு இரண்டு வரியில் நன்றி சொல்லி மறுத்து எழுதினேன், அதற்கு மட்டும் அரை மணியில் பதில் வந்தது.