இரண்டு ஆறு மணிகள்

என் பூனை பொடியனுக்கு ஆறு மணி என்றால் ஆறு மணிதான். காலையில் என் கன்னத்தில் ஒரு தட்டு, மாலையில் காலைச் சுற்றிக்கொண்டு ஒரு கத்தல். 14 வருடம் ஒரு நாள் தப்பியதில்லை.

கடைசி எட்டு மாதம் சிறுநீரகக் கோளாறு. வயதான பூனைகளுக்கு அதிகம் வருவதுதான், தெரிந்து என்ன பயன்? பிடரித் தோலைக் கொத்தாகத் தூக்கி, ஊசி குத்தி, தோலுக்கடியில் 100 மி.லி. சலைன் ஏற்றுவேன். முதுகில் ஒரு மேடு கட்டி, மெல்ல வடியும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். 4.6 கிலோவில் ஆரம்பித்த எடை 2.7-ல் நின்றது. செப்டம்பர் கடைசியில் போய்விட்டான்.

அப்புறமும் 5.50-க்கே விழிப்புத் தட்டியது. “பூனைதானே” என்றவர்களிடம் சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

பறவைகளைப் பார்த்ததும் மனம் தேறியது என்றால் பொய். முதலில் வந்தது எரிச்சல். அவன் படுத்துக் கிடக்கும் மரத்தடியில் இரண்டே வாரத்தில் ஒரு சாம்பல் வாலாட்டி, சொந்த வீடு மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு நடந்தது. அவன் இல்லை என்று இதற்கு யார் சொன்னது?

அக்டோபர் நடுவில் ஒரு விடியலில், ஜன்னலுக்கு வெளியே இரண்டு சுரத்தில் விசில். ஆறுமணிக்குருவி! விடியலிலும் அந்தியிலும் கூப்பிடுவதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வரும். இரவில் பறந்து, களைத்துப்போய் இறங்கும்.

அப்படி இறங்கிய ஒன்றைத்தான் சில வருடங்களுக்கு முன் பொடியன் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டான். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், அடிவயிற்றில் சிவப்பு. கையில் எடுத்தபோது சூடு ஆறவில்லை. அன்று அவனோடு நான் பேசவே இல்லை, மாலை ஆறு மணி வரைக்கும்.

இப்போது வந்ததைப் பார்க்க நாலு நாள் ஆனது. புதரடியில் குட்டை வாலோடு தத்தி, அலகால் சருகைப் புரட்டிப் போட்டுப் பூச்சி தேடிக்கொண்டிருந்தது. பறவையைக் கண்டால் பொடியன் ஜன்னலில் உட்கார்ந்து தாடை நடுங்கக் கெக்கெக்கென்று ஒரு சத்தம் போடுவான். அதே ஜன்னலருகே நாற்காலி போட்டேன். நோட்டின் மீதிப் பக்கங்களில் எழுதத் தொடங்கினேன்: ‘காலை 5.52, ஐந்து முறை. மாலை 6.04, இரண்டு முறை.’

அழகான பறவைதான், ஆனால் என்னைப் படுக்கையிலிருந்து கிளப்பியது அந்த நேரக்கணக்கு. எல்லா நாளும் கிளம்பினேன் என்றும் சொல்ல முடியாது. ஜனவரியில் ஒன்பது நாள் காலியாகக் கிடக்கிறது. சலைன் பாட்டில் ஒன்று மிச்சம் இருந்ததை அலமாரியில் பார்த்த வாரம் அது.

ஏப்ரல் கடைசியில் இரண்டு நாள் குரல் இல்லை. மூன்றாம் நாள் ‘போய்விட்டது’ என்று எழுதினேன். பொடியனுக்கு அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. அவன் பக்கம் 2.7 என்ற எண்ணோடு நிற்கிறது.

“ஒரு குட்டி எடுத்துக்கொள்ளேன்” என்கிறாள் அக்கா. அக்டோபர் வரட்டும் என்றிருக்கிறேன். எடுத்தாலும், இந்த முறை ஜன்னல் வரைக்கும்தான்.