பி 0090 வந்தால் முதலில் கம்பியைப் பாருங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் டீசல் வண்டி திடீரென்று ஆஃப் ஆகி, ஸ்கேனரில் பி 0090 (P0090) என்ற பழுதுக் குறியீடு, அதாவது கோடு (code), வந்தால் பல பட்டறைகளில் வரும் பதில் ஒன்றுதான்: "பம்ப் ரெகுலேட்டர் போயிடுச்சு." சிலர் பம்ப்பையே மாற்றச் சொல்லிவிடுவார்கள். ஆட்டோ எலக்ட்ரீஷியனாக எனக்கு இதைக் கேட்டால் ஆற்றாமையாக இருக்கும். எரிபொருள் அழுத்த ரெகுலேட்டரின் மின்சுற்றில் பழுது என்பதோடு அந்தக் கோடு நின்றுவிடுகிறது. ரெகுலேட்டருக்குள் இருக்கும் காயில், கம்பியைச் சேர்க்கும் கப்ளர், கம்பி, இன்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம், இவற்றில் எதில் பழுது என்று தேடுவது நம் வேலை.

போன மழைக்காலத்தில் ஒரு டாக்ஸி டிரைவர் வந்தார். சேலத்திலிருந்து பெங்களூருக்கு அடிக்கடி ஓடும் வண்டி. "அண்ணா, தொப்பூர் இறக்கத்துல ஆஃப் ஆயிடுச்சுங்ணா. ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு தடவ மிதிச்சதும் பிரேக்கும் இறங்க மாட்டேங்குது. ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் கழிச்சு சாவி போட்டா உடனே ஸ்டார்ட் ஆவுது. பம்ப் மாத்தோணும்னு சொல்றாங்க, நெசமாங்களா?"

தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இன்ஜின் நின்றால் என்ன ஆகும் என்று அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். இன்ஜின் நின்றதும் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் வருவதும் நின்றுவிடும். அதனால் இந்தப் பழுதை "ஸ்டார்ட் ஆகுதுல்ல, பார்த்துக்கலாம்" என்று விடக் கூடாது. "தம்பி, பம்ப்புக்கு அப்புறம் போலாம், மொதல்ல கம்பியப் பார்த்துடலாம்" என்றேன்.

மெக்கானிக்கலாக ஓடிய பழைய மைக்கோ பம்ப் காலத்தில் இந்தத் தலைவலி கிடையாது. எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் (ரெயில்) டீசலை அழுத்தத்தோடு தேக்கி வைக்கும் காமன் ரெயில் வந்த பிறகு (லாரியில் 1995-இல் டென்சோ, காரில் 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாக பாஷ்) அழுத்தம் கம்ப்யூட்டரின் கைக்குப் போய்விட்டது. இந்த வண்டியில் அந்த ரெகுலேட்டர் என்பது பம்ப்பின் மேல் இருக்கும் மீட்டரிங் வால்வுதான். அதற்கு இரண்டே கம்பி. ஒன்றில் ரிலே வழியாக 12 வோல்ட். மற்றொன்றை இசிஎம் மிக வேகமாக எர்த்தோடு சேர்த்துச் சேர்த்து விடுவித்து, வால்வுக்குள் ஓடும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. மின்சாரம் இல்லாவிட்டால் ஸ்பிரிங் இந்த வால்வை முழுவதும் திறந்துவிடும். பம்ப் தன் முழு அளவையும் ரெயிலுக்குத் தள்ளும். கம்பி ஓடும்போது அறுந்தால் இசிஎம் இன்ஜினை நிறுத்திவிடுவது அதனால்தான். சில வண்டிகளில் ரெயிலின் முனையில் இன்னொரு வால்வும் இருக்கும். கோடு எந்த வால்வைச் சொல்கிறது என்பதை அந்த வண்டியின் வயரிங் டயகிராமில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

ஸ்கேனரில் இசிஎம் கேட்ட அழுத்தமும் ரெயிலில் கிடைக்கும் அழுத்தமும் ஐட்லிங்கில் 280 பார் பக்கம் ஒன்றாகவே நின்றன. இன்ஜின் ஆஃப், சாவி ஆன் நிலையில் ரெயிலின் அழுத்த சென்சார் அரை வோல்ட் காட்டியது, அழுத்தம் இல்லாதபோது வர வேண்டிய அளவு அதுதான். சென்சார் மேல் சந்தேகமில்லை. அடுத்து வால்வின் கப்ளரைக் கழற்றிக் காயிலை அளந்தேன். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒட்டி வைத்தால் வரும் அளவைக் கழித்தபோது 2.9 ஓம். பாடியோடு எந்தத் தொடர்பும் இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மறுபடி அளந்தேன், 3.5. செம்பு சூடானால் ஓம் ஏறுவது இயல்பு. ஆக, காயில் நல்ல காயில். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: வால்வு வேலை செய்கிறதா என்று பார்க்க பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுக்காதீர்கள். மூன்று ஓம் காயிலில் நான்கு ஆம்பியர் ஓடும், நல்ல வால்வும் கருகிவிடலாம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, இசிஎம் கப்ளரையும் எடுத்துவிட்டு, வால்விலிருந்து இசிஎம்முக்குப் போகும் கட்டுப்பாட்டுக் கம்பியை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மீட்டரில் பார்த்தால் 0.6 ஓம். நிறைய பேர் இந்த இடத்தில் "கம்பி ஓகே" என்று முடிவு கட்டி, பம்ப்புக்குத் தாவுகிறார்கள். மீட்டர் அனுப்புவது ஒரு மில்லிஆம்பியர் அளவுக்குத்தான். வால்வுக்கோ ஒரு ஆம்பியருக்கும் மேல் ஓட வேண்டும், அதுவும் அதிர்கிற இன்ஜின் மேல்.

அதனால் நான் இன்டிகேட்டர் பல்பை நம்புகிறேன். 21 வாட் பல்ப், 12 வோல்ட்டில் ஒன்றே முக்கால் ஆம்பியர் எடுக்கும். வண்டியின் இரு முனைக் கப்ளர்களும் கழன்றிருக்க, தனியாக ஒரு பேட்டரி வைத்து, அந்தக் கம்பி வழியாகவே பல்பை எரிய விட்டேன். முதலில் பளிச்சென்று எரிந்தது. கொஞ்ச நேரத்தில் மங்கியது. வயரிங் கிட்டை, அதாவது கம்பிக் கட்டை, பேட்டரி ட்ரே பக்கம் வளைத்ததும் அணைந்தேபோனது.

டேப்பைப் பிரித்துப் பார்த்தால் கம்பியின் தோலில் ஊசி குத்திய ஓட்டை. முன்பு யாரோ டெஸ்ட் செய்யக் குத்தியது. மூடாமல் விட்டதில் மழைநீர் இறங்கி, உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. தொட்டதும் இழை இழையாக உதிர்ந்தது. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கப்ளரின் பின்பக்கமாக, ரப்பர் சீலை ஒட்டி மெல்லிய பின்னை நுழைத்தே அளவு எடுக்கலாம். கம்பியைக் குத்த வேண்டிய அவசியமே இல்லை. அப்படிக் குத்தியே ஆக வேண்டி வந்தால் உடனே அடைத்துவிட வேண்டும். அதேபோல இசிஎம் கப்ளருக்குள் தடித்த மீட்டர் முனையைத் திணிப்பதும் கூடாது. டெர்மினல் அகண்டு, நாளைக்கு அதுவே புதுப் பழுதாகும்.

செம்பு பளபளவென்று தெரியும் வரை இரண்டு பக்கமும் வெட்டி, அதே தடிமனில் புதுத் துண்டு சேர்த்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். இணைப்பு வளைவில் வராதபடி நேர்ப் பகுதியில் வைத்து, ட்ரேயின் விளிம்பில் உரசாமல் கிளிப் மாற்றினேன். மறுபடி பல்ப் டெஸ்ட். இந்தத் தடவை எரியும்போதே கம்பியின் இரு முனைகளுக்கிடையே வோல்டேஜ் இழப்பையும் அளந்தேன், 0.1 வோல்ட்டுக்கும் கீழே. கிட்டை எப்படி முறுக்கினாலும் பல்ப் அசரவில்லை. பிறகு கோடை அழித்துவிட்டு, டிரைவரை ஓட்டச் சொல்லி, ஸ்கேனரோடு பக்கத்தில் உட்கார்ந்து மேடு பள்ளமான சாலையாகப் பார்த்துச் சுற்றினோம். கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் பிரியவே இல்லை.

சொந்தமாகப் பார்க்க நினைப்பவர்கள் மின்சாரப் பக்கத்தோடு நில்லுங்கள். இந்த வகை வண்டிகளில் ரெயில் அழுத்தம் 1,600 பார் வரை போகும். இன்ஜின் ஓடும்போது ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தினால் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது.

பம்ப் அந்த வண்டியில் இன்றும் பழையதேதான். பில்லில் கம்பியின் நிறம், இணைப்பு போட்ட இடம், காயில் அளவு குளிரில் எவ்வளவு, சூட்டில் எவ்வளவு என்று எல்லாம் எழுதிக் கொடுத்தேன். அதை டேஷ்போர்டிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன், அடுத்து எந்த ஊர்ப் பட்டறையில் வண்டி நின்றாலும் காட்டட்டும்.