அவுட்டோர் யூனிட்டுக்குத் தார்ப்பாய் வேண்டாம்

ஐப்பசி பிறந்ததும் சென்னை மொட்டைமாடிகளில் ஏசி அவுட்டோர் யூனிட்டுகளைத் தார்ப்பாயால் போர்த்திக் கயிறு கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அவிழ்த்துவிடுங்கள். மழையில் நனையட்டும் என்றே செய்யப்பட்ட பெட்டி அது. விழும் தண்ணீர் அடித்தட்டு ஓட்டைகளின் வழியே வடிந்துவிடும். அந்த ஓட்டைகளில் சருகு அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். தார்ப்பாய்க்குள்ளோ ஈரம் காயாது. தகடும் ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும், எலி குடியேறி ஒயரைக் கடிக்கும். மூடியிருப்பது தெரியாமல் யாராவது ஏசியைப் போட்டால், சூடு வெளியேற வழியில்லாமல் கம்ப்ரஸர் திணறி டிரிப் ஆகும்.

தென்னைக்கு அடியில் இருந்தால் மேலே ஒரு ஷீட் போடலாம். யூனிட்டுக்கும் ஷீட்டுக்கும் ஓரடி இடைவெளி விடுங்கள். ஃபேன் பக்கம் திறந்தே இருக்க வேண்டும்.

மழை உண்மையில் தொல்லை கொடுப்பது பைப் நுழையும் சுவர் ஓட்டையில். ஓட்டை வெளிப்பக்கமாக ஒரு சென்டிமீட்டராவது சரிந்திருக்க வேண்டும். பைப்பும் ஒயரும் ஓட்டைக்குக் கீழே ஒருமுறை தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சுற்றியுள்ள இடைவெளியைப் புட்டி அல்லது சிலிகான் வைத்து அடையுங்கள். சிமென்ட் பூசினால் பைப்பின் அதிர்வில் விரிசல் விடும்.

காப்பர் பைப் மேல் டேப் சுற்றுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் ஓட்டு வீட்டுக் கூரைபோல மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிந்து தண்ணீரை வெளியே தள்ளும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் வாய் திறந்து தண்ணீரை வாங்கி, உள்ளே இருக்கும் கறுப்பு நுரைக் குழாயை ஊறவைக்கும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வெயிலில் பொடிந்துபோன நுரைக் குழாயை மாற்றாமல் மேலே டேப் மட்டும் சுற்றுவது வீண்.

திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் மழையைவிட உப்புக்காற்றுதான் எதிரி. திறந்தவெளி யூனிட்டின் உப்பை மழையே ஓரளவு கழுவிவிடும். சன்ஷேடுக்கு அடியில் ஒதுங்கியிருப்பதில் உப்பு அப்படியே படிந்து அலுமினிய ஃபின்களை, அதாவது பின்பக்கத்து மெல்லிய தகடுகளை, அரிக்கும். மாதம் ஒருமுறை எம்சிபியை (மின்பெட்டியில் ஏசிக்கென இருக்கும் பிரேக்கர் சுவிட்சை) அணைத்துவிட்டு, தோட்டத்து ஹோஸில் நல்ல தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், ஃபின்கள் மடிந்துவிடும்.

2016 வர்தா போல ஒரு புயல் அடித்தால் துருப்பிடித்த ஸ்டாண்டு தாங்காது. யூனிட்டின் கால்களில் நான்கு போல்ட்டும் இருக்கின்றனவா, சுவர் ஆங்கர் ஆடுகிறதா என்று ஐப்பசிக்கு முன்பே பார்த்துவிடுங்கள். துரு தகட்டைத் தின்றிருந்தால் பெயின்ட் அடித்து மறைக்காமல் ஸ்டாண்டையே மாற்றுங்கள்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள், 2023 மிக்ஜாம் வெள்ளம் சுவரில் ஏறிய உயரத்துக்கும் மேலே ஸ்டாண்டு அடித்து யூனிட்டைத் தூக்கிவிடுங்கள். தண்ணீர் ஏறும்போதே, கைகால் நனையாமல் எம்சிபியை அணைத்துவிட வேண்டும். மூழ்கிய யூனிட்டைத் தண்ணீர் வடிந்ததும் போட்டுப் பார்க்காதீர்கள். மெக்கானிக் திறந்து, சேற்றைக் கழுவி, ஃபேன் மோட்டாரையும் போர்டையும் உலர்த்தி, மெக்கர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டரை வைத்துக் கம்ப்ரஸரில் மின்கசிவு இல்லை என்று சொன்ன பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும்.